பீட்ரூட் ஊறுகாயில் விழுந்த ஈஸ்டர் முட்டை

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக்காரங்க வீட்டு ஃப்ரிட்ஜை ஈஸ்டர் முடிஞ்ச வாரத்துல திறந்து பார்த்தீங்கன்னா, ஒரு கண்ணாடி ஜாடி கண்ணுல பட நல்ல வாய்ப்பு இருக்கு. ஜாடி நிறைய ரத்தச் சிவப்புல ஒரு தண்ணி. அதுக்குள்ள ஓடு உரிச்ச முழு முட்டைங்க மிதக்கும். ஒண்ணை எடுத்துக் குறுக்கால வெட்டினா வெளிப்பக்கம் அடர் ரோஜா, உள்ளே போகப் போக வெளிர் ரோஜா, அப்புறம் கொஞ்சம் வெள்ளை, நடுவுல மஞ்சக்கரு. முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு முட்டை ஏதோ சாயப்பட்டறைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும் :-)

இதுக்குப் பேரு 'ரெட் பீட் எக்ஸ்'. பீட்ரூட் ஊறுகாய்த் தண்ணியில ஊறப் போட்ட அவிச்ச முட்டை. அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஒரு முட்டைக்கு இவ்வளவு பெரிய பதிவான்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. லான்காஸ்டர் பக்கம் ரெண்டு வருஷம் குப்பை கொட்டின காலத்துல இந்த ஜாடி எனக்கு அறிமுகமாச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சா, முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ஊரை விட்டு ஓடி வந்த ஒரு ஜனத்தோட கதை அதுல ஊறிக்கிட்டு இருக்கு. அவங்க கொண்டு வந்த பாஷை பல வீடுகள்ல போயே போச்சு. ஜாடி மட்டும் போகலை. அது ஏன்னு யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

யார் இந்த 'டச்சு'க்காரங்க?

பென்சில்வேனியா டச்சுன்னு சொன்னதும் ஹாலந்துக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. இவங்க ஜெர்மன் பேசின ஜனங்க. தங்களோட பாஷையை 'டைச்'னு சொல்லிக்கிட்டாங்க. அந்தக் காலத்து ஆங்கிலத்துலயும் ஜெர்மன்காரங்க, ஹாலந்துக்காரங்க எல்லாருக்கும் சேர்த்து 'டச்'ங்கிற ஒரே சொல்லுதான் புழக்கத்துல இருந்துச்சு. அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு.

1681-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், வில்லியம் பென்னுக்கு இந்த நிலத்தை எழுதிக் கொடுத்தார். பென் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர். எந்தச் சபையைச் சேர்ந்தவரா இருந்தாலும் வந்து குடியேறலாம்னு அறிவிச்சார். 1683-ல் க்ரேஃபெல்ட் ஊர்ல இருந்து 13 குடும்பம் வந்து பிலடெல்பியா பக்கத்துல ஜெர்மன்டவுனை உண்டாக்கினாங்க. பாஸ்டோரியஸ்னு ஒரு வக்கீல்தான் அதுக்கு முன்னின்றவர்.

பெரிய அலை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. ரைன் நதிக்கரையில பாலடினேட்னு ஒரு நாடு. 1618-ல் இருந்து 1648 வரைக்கும் நடந்த முப்பதாண்டுப் போர்ல அது சின்னாபின்னமாச்சு. கொஞ்சம் தலைதூக்கினதும் 1689-ல் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியோட படை வந்து ஹைடல்பர்க், மன்ஹைம், ஸ்பேயர், வோர்ம்ஸ்னு ஊர் ஊரா கொளுத்திட்டுப் போச்சு. 1709 குளிர்காலத்துல கடும் பனி. திராட்சைக் கொடி கருகிப் போச்சு. இதுக்கு மேல என்ன இருக்குன்னு ஜனங்க ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு நடையைக் கட்டினாங்க. கப்பல் கூலி இல்லாதவங்க, போய்ச் சேர்ந்த இடத்துல சில வருஷம் அடிமாடா உழைச்சுக் கடனைக் கழிக்கிறேன்னு ஒத்துக்கிட்டுக் கப்பல் ஏறினாங்க. 1727-ல் இருந்து 1775-க்குள்ள பிலடெல்பியாவுல மட்டும் இப்படி அறுபதாயிரத்துக்கும் மேலானவங்க வந்து இறங்கினாங்க. 1790 வாக்குல அந்த மாநிலத்து ஜனத்தொகையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இவங்கதான்.

இவங்கள்ல ரெண்டு வகை உண்டு. ஆமிஷ், மெனோனைட் மாதிரி ஆடம்பரத்தை விலக்கி வாழறவங்க ஒரு வகை. குதிரை வண்டி, கறுப்புத் தொப்பின்னு படங்கள்ல பார்க்கிறோமே, அவங்க. ஆனா எண்ணிக்கையில பெரும்பான்மை லூத்தரன் சபையும் ரிஃபார்ம்ட் சபையும்தான். இந்தப் பிரிவினையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நோன்பு போச்சு, முட்டை நின்னுச்சு

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? பழைய மேற்கத்திய சபையில ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலத்துல கறி மட்டுமில்லை, முட்டை, பால், வெண்ணெய் எல்லாத்துக்கும் தடை. கோழி அதைக் கேட்குமா? அது பாட்டுக்கு இட்டுக்கிட்டே இருக்கும். நாப்பது நாள் முட்டை வீட்டுல குவியும். ஈஸ்டர் அன்னிக்கு ஊரே முட்டை திங்கும். 1290-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டோட அரண்மனைக் கணக்குல, ஈஸ்டருக்காக வண்ணமும் தங்க ரேக்கும் பூசறதுக்கு 450 முட்டை வாங்கினதுக்கு 18 பென்ஸ் செலவுன்னு எழுதி வச்சிருக்காங்க.

பதினாறாம் நூற்றாண்டுல சீர்திருத்தம் வந்துச்சு. 1522 தவக்காலத்துல சூரிக் நகரத்து அச்சுக்கூட முதலாளி ஒருத்தர் வீட்டுல தொத்திறைச்சி தின்னாங்கன்னு பெரிய ரகளை. ஸ்விங்லி என்ற பாதிரியார், "நோன்பு இருக்கறதும் இல்லாததும் அவனவன் இஷ்டம், பைபிள்ல அப்படி ஒரு சட்டமே இல்லை"ன்னு தின்னவங்க பக்கம் நின்னார். ரிஃபார்ம்ட் சபையோட ஆரம்பப் புள்ளிகள்ல அதுவும் ஒண்ணு. ஆக, பென்சில்வேனியாவுக்கு வந்த ஜனங்க முட்டையை நாப்பது நாள் தொடாம இருந்தே ஆகணும்ங்கிற கட்டாயத்துல இருந்து எப்பவோ வெளியே வந்தவங்க. ஆனா ஈஸ்டர்னா முட்டைங்கிற பழக்கத்தை மட்டும் விடலை. காரணம் போனாலும் காரியம் நிக்கும்.

முட்டை கொண்டு வர்ற முயலும் இவங்க சரக்குதான். 1682-ல் ஹைடல்பர்க் மருத்துவப் பேராசிரியர் கியோர்க் ஃப்ராங்க் பேர்ல ஈஸ்டர் முட்டைகளைப் பத்தி லத்தீன்ல ஒரு நூல் வந்துச்சு. அல்சாஸ் பக்கத்துல முயல் வந்து முட்டை இட்டுட்டுப் போறதா குழந்தைங்க கிட்ட கதை விடறாங்கன்னு அதுல இருக்கு. மனுஷன் டாக்டர் ஆச்சே, முட்டையை அளவுக்கு மீறித் தின்னா வயித்துக்கு ஆகாதுன்னு எச்சரிக்கையும் பண்ணியிருக்கார். அந்த முயல்தான் அட்லான்டிக்கைத் தாண்டி 'ஓஷ்டர்ஹாஸ்' ஆச்சு. பசங்க தொப்பியைக் கவுத்து வைக்கோல் போட்டுக் கூடு கட்டி வைப்பாங்க, காலையில அதுல வண்ண முட்டை இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, அக்கம்பக்கத்து ஆங்கிலேயர்கள் இதையெல்லாம் கொண்டாடலைங்கிறது. குவேக்கர்களுக்குத் தனியா புனித நாளே கிடையாது. வடக்கே மாசச்சூசெட்ஸ்ல ப்யூரிட்டன்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே அபராதம்னு 1659-ல் இருந்து 1681 வரைக்கும் சட்டம் வச்சிருந்தவங்க. இன்னிக்கு அமெரிக்காவே கொண்டாடற ஈஸ்டர் முயலும் முட்டையும் இந்த 'டச்சு'க்காரங்க வீட்டுக் கொல்லையில இருந்து புறப்பட்டதுதான்.

கோழிக்கும் காலண்டர் உண்டு

நாம வருஷம் முழுக்க முட்டை கிடைக்கிற காலத்துல இருக்கோம். அன்னிக்கு அப்படி இல்லை. கோழி முட்டையிடறது பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. பென்சில்வேனியாவுல டிசம்பர் கடைசியில பகல் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த வெளிச்சத்துல கோழி முட்டையிடறது ரொம்பக் குறைஞ்சுடும், பல கோழி அடியோட நிறுத்திடும். ஏப்ரல் நடுவுல பகல் பதிமூணு மணி நேரம் ஆகும். அப்போ விட்டதுக்கெல்லாம் சேர்த்து வச்சு இட ஆரம்பிக்கும். கோழிக் கொட்டகையில விளக்கு போட்டு இதை ஏமாத்தற வேலையெல்லாம் இருபதாம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு.

ஈஸ்டர் மார்ச் 22-ல் இருந்து ஏப்ரல் 25-க்குள்ள எப்ப வேணா வரும். அதாவது, முட்டை இல்லாத குளிர்காலம் முடிஞ்சு கூடை நிறைய முட்டை வர ஆரம்பிக்கிற நேரம். வெங்காயச் சருகு போட்டு அவிச்சு செங்காவி நிறம் ஏத்துவாங்க. அதுல ஊசியாலயோ கத்தி முனையாலயோ சுரண்டிப் பூவும் பறவையும் பேரும் வரையறது அந்த ஊர்க் கைவேலை. பசங்க விளையாடுவாங்க, ரெண்டு நாள் திம்பாங்க. அப்புறம்? அவிச்ச முட்டை டஜன் கணக்குல மிஞ்சிக் கிடக்கும். ஃப்ரிட்ஜ் கிடையாது.

பீட்ரூட் பக்கத்துக் கதை

இப்போ சமையலறையோட இன்னொரு மூலைக்கு வருவோம். ரோமானியர்கள் காலத்துல பீட்ரூட் செடியோட இலைக்குத்தான் மதிப்பு. நாம பார்க்கிற மாதிரி உருண்டை சிவப்புக் கிழங்கு இத்தாலி, ஜெர்மனிப் பக்கம் பதினாறாம் நூற்றாண்டுல புழக்கத்துக்கு வந்துச்சு. குளிர் தேசத்துக்கு அது வரப்பிரசாதம். பனிக்கு முன்னாடி தோண்டி எடுத்து நிலவறையில மணல்ல புதைச்சு வச்சா மாசக்கணக்குல கிடக்கும். இல்லேன்னா வேகவச்சு, வில்லை வில்லையா நறுக்கிக் காடியில போட்டு வைக்கலாம்.

காடிக்குப் பஞ்சமே இல்லை. இவங்க நிலம் எடுத்ததும் முதல் காரியமா ஆப்பிள் மரம் நட்டவங்க. ஆப்பிளைப் பிழிஞ்ச சாறு பீப்பாயில நுரைச்சு மதுவாகும், காத்துப் பட விட்டா தானா புளிச்சு வினிகராகும். நமக்கு உப்பும் வெயிலும் எப்படியோ அவங்களுக்கு வினிகர் அப்படி. நம்ம ஊர்ல மாங்காயைக் காய வைக்க வெயில் இருக்கு. பென்சில்வேனியா அக்டோபர்ல வெயிலை நம்பினா பட்டினிதான்.

ஆரம்பத்துல ஊறுகாய் போட்டு வைக்க சிவப்பு மண் ஜாடிங்கதான். அதுக்கு ஈய மெருகு பூசியிருப்பாங்க. வினிகர் பட்டா ஈயம் கரையும், அது விஷம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்த ஆபத்து பேச்சாகி, உப்பு மெருகு போட்ட கல் ஜாடிங்க அந்த இடத்தைப் பிடிச்சது. அப்புறம் 1858 நவம்பர் 30-ந்தேதி ஜான் மேசன் என்றவர் திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஊறுகாய் வெளியே தெரிய ஆரம்பிச்சது அப்போதான். சிவப்புத் தண்ணியில ரோஜா முட்டை கண்ணாடிக்குள்ள மினுக்கற அழகு, மண் ஜாடி வச்சிருந்த பாட்டிக்குக் கிடைக்காத ஒண்ணு.

ரெண்டு மிச்சம் சேர்ந்தா ஒரு பண்டிகை

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. மார்ச், ஏப்ரல்ல குளிர்காலத்து பீட்ரூட் ஊறுகாய் ஜாடி காலியாகிக்கிட்டே வரும். கிழங்கெல்லாம் தின்னாச்சு, அடியில புளிப்பும் இனிப்பும் கிராம்பு வாசனையுமா சிவப்புத் தண்ணி நிக்குது. வினிகரும் சர்க்கரையும் காசு பெறுமே, கீழே கொட்ட மனசு வருமா? இன்னொரு பக்கம் ஈஸ்டர் முடிஞ்சு மிஞ்சின அவிச்ச முட்டை. ஓட்டை உரி, ஜாடிக்குள்ள போடு. தீர்ந்துது வேலை.

முட்டையை உப்புத் தண்ணியில போட்டு வைக்கிற வழக்கம் ஜெர்மனியிலேயே உண்டு. 'ஸோல்ஐயர்'னு பேரு. ஓட்டை லேசா விரிசல் விட்டு உப்புக் கரைசல்ல ஊறப்போடுவாங்க. ஈஸ்டர்ல மிஞ்சினதை அப்படிக் காப்பாத்துவாங்க, பெர்லின் சாராயக் கடைகள்ல மேசை மேல ஜாடியிலயும் இருக்கும். பென்சில்வேனியாவுல உப்புத் தண்ணியோட இடத்துக்குச் சிவப்புத் தண்ணி வந்துச்சு.

பண்டிகைப் பலகாரம்னா நமக்கு முதல்ல தோணறது விசேஷமா சாமான் வாங்கி, விசேஷமா செய்யறது. இது நேரெதிர். ரெண்டு மிச்சம் சேர்ந்து உண்டான பண்டிகைப் பதார்த்தம். அதனாலதான் இது ஏழை வீட்லயும் நின்னுச்சு, பணக்கார வீட்லயும் நின்னுச்சுன்னு எனக்குத் தோணுது. நாளடைவுல மிச்சம்ங்கிறதே மறந்து போய், ஈஸ்டருக்குன்னே தனியா பீட்ரூட் வேகவச்சு, தனியா முட்டை அவிச்சுப் போட ஆரம்பிச்சாங்க. ஜூலை 4 சுதந்திர தினப் பொட்டலச் சாப்பாடு, நவம்பர் நன்றி நவிலும் நாள் விருந்துன்னு எல்லாத்துக்கும் இந்த ஜாடி ஆஜர்.

ஒரு எச்சரிக்கை: லான்காஸ்டர் பக்கம் சுற்றுலா போனா, "டச்சு விருந்துல ஏழு இனிப்பும் ஏழு புளிப்பும் கட்டாயம் இருக்கணும்"னு சொல்லி இந்த முட்டையையும் அதுல ஒண்ணாக் காட்டுவாங்க. அந்த ஏழுக்கணக்கு உணவக விளம்பரத்தால பரவினது, பழைய மரபு இல்லைன்னு வில்லியம் வாய்ஸ் வீவர் மாதிரி உணவு வரலாற்று ஆய்வாளர்கள் பிட்டுப் பிட்டு வச்சிருக்காங்க. முட்டை நிஜம், ஏழு பொய்.

ஜாடிக்குள்ள என்ன நடக்குது?

பீட்ரூட்டோட நிறத்துக்குக் காரணம் பெட்டானின்னு ஒரு சாயப்பொருள். கத்தரிக்காய்த் தோல், நாவல்பழம் இதுக்கெல்லாம் நிறம் குடுக்கறது ஆந்தோசயனின்னு வேற குடும்பம். வேடிக்கை என்னன்னா, ஒரே செடியில இந்த ரெண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கறதே இல்லை. பெட்டானின் தண்ணியில கரையும், புளிப்புல நல்லா நிக்கும், ஆனா சூடு ஆகாது. வெந்துக்கிட்டே இருந்தா வெளிறிப் போகும். அதனாலதான் முட்டையைப் போட்டுக் கொதிக்க வைக்காம சும்மா ஊற வைக்கிறது.

அவிச்ச முட்டையோட வெள்ளை ஒரு பஞ்சு மாதிரி. சாயமும் புளிப்பும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். ஒரு ராத்திரியில விளிம்பு மட்டும் ரோஜாவாகும். ரெண்டு மூணு நாள்ல பாதி தூரம் போகும். அதுக்கப்புறம் மஞ்சக்கருவோட ஓரத்தைத் தொடும். ரொம்ப வாரம் விட்டா வெள்ளை ரப்பர் மாதிரி ஆயிடும். மஞ்சக்கருவுல கொழுப்பு ஜாஸ்தி, அதுக்குள்ள புளிப்பு இறங்கறது ரொம்ப மெதுவா நடக்கும். இந்தக் கடைசி வரியை மறந்துடாதீங்க, உயிர் சமாச்சாரம்.

1997-ல் இல்லினாய்ஸ் மாநிலத்துல 68 வயசுப் பெரியவர் ஒருத்தரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. பார்வை ரெண்டு ரெண்டா தெரியுது, பேச முடியலை, விழுங்க முடியலை, அப்புறம் மூச்சு விடவே இயந்திரம் தேவைப்பட்டது. போட்டுலிசம். உடம்பு படுக்கறதுக்கு ஏழு நாள் முன்னாடி அவர் வீட்லயே போட்ட முட்டை ஊறுகாய்தான் காரணம்: அவிச்ச முட்டை, பீட்ரூட், காரமான மிளகாய், வினிகர். சாறு சீக்கிரம் உள்ளே இறங்கட்டும்னு முட்டையைப் பல்குத்தும் குச்சியால குத்தியிருக்கார். ஜாடியை வெளியிலேயே வச்சிருக்கார், அப்பப்போ வெயிலும் பட்டிருக்கு. சோதிச்சுப் பார்த்தா, ஜாடித் தண்ணியோட பிஎச் 3.5. அந்தக் கிருமி வளர முடியாத புளிப்பு. ஆனா மஞ்சக்கருவோட இயல்பான பிஎச் 6.8. குச்சி போன வழியா கிருமி உள்ளே போய், புளிப்பு எட்டாத, காத்தும் புகாத மஞ்சக்கருவுல உட்கார்ந்து விஷத்தை உண்டாக்கியிருக்கு. நல்ல வேளை, நீண்ட சிகிச்சைக்கு அப்புறம் மனுஷர் பிழைச்சுட்டார். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இதை 2000-ல் அறிக்கையா வெளியிட்டுச்சு.

"அப்போ அந்தக் காலத்துப் பாட்டிங்க எல்லாம் எப்படிப் பிழைச்சாங்க?"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க. பண்ணைகள்ல ஊற்றுக்கு மேல கல் கட்டடம் ஒண்ணு இருக்கும், கோடையிலயும் சில்லுனு இருக்கற இடம். பாலும் வெண்ணெயும் அங்கேதான் வைப்பாங்க. வீட்டுல பத்துப் பன்னிரண்டு பேர், ஜாடி நாலு நாள் தாங்கினாலே அதிசயம். பாட்டி கிட்ட குளிர்ச்சி இருந்துச்சு, வேகமா காலி பண்ற வயிறுகளும் இருந்துச்சு. மரபுன்னு நாம எடுத்துக்கறப்போ செய்முறையை மட்டும் எடுத்துக்கிட்டு, அதைச் சுத்தி இருந்த வாழ்க்கையை விட்டுடறோம். ஆபத்து அங்கேதான் நுழையுது.

செய்முறை (கேட்பீங்கன்னு தெரியும்)

ஒரு டஜன் முட்டையைக் கெட்டியா அவிச்சு, குளிர்ந்த தண்ணியில போட்டு உரிச்சுக்கோங்க. ஓட்டோட சேர்த்து வெள்ளை பிய்யாம இருக்கணும். கொஞ்சம் பழைய முட்டைன்னா சுலபமா உரியும். பீட்ரூட் வேகவச்ச தண்ணி 1 கப், 5 சதவீதப் புளிப்புள்ள ஆப்பிள் வினிகர் ஒன்றரைக் கப், நாட்டுச் சர்க்கரை 1 டீஸ்பூன், கொஞ்சம் உப்பு. பிடிச்சா நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. சர்க்கரை இன்னும் தாராளமா போடற வீடுகளும் உண்டு. வினிகரை மட்டும் குறைக்காதீங்க. இதைச் சூடு பண்ணி, சுத்தமான கண்ணாடி ஜாடியில முட்டையும் கொஞ்சம் வெந்த பீட்ரூட் துண்டும் போட்டு, முட்டை முழுகற மாதிரி ஊத்தி, மூடி நேரா ஃப்ரிட்ஜ்.

முட்டையைக் குத்தவே கூடாது. வெளியில வைக்கவே கூடாது. நம்ம ஆவக்காய் மாதிரி அலமாரியில வச்சு வருஷம் பூரா தொட்டுக்கற சமாச்சாரம் இல்லை இது. நிறத்துக்கு ரெண்டு நாள் போதும். உள்வரைக்கும் ருசி இறங்கணும்னா ரெண்டு வாரமாவது ஆகும்.

ருசி எப்படி? முதல் கடியில இனிப்பும் புளிப்பும், அப்புறம் பீட்ரூட்டோட மண் வாசனை, கடைசியில மஞ்சக்கரு வந்து எல்லாத்தையும் சாந்தப்படுத்தும். நான் மேல கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக்குவேன். அந்த ஊர்க்காரங்க முன்னாடி அல்ல, தனியா இருக்கறப்போ ;-)

பாஷை எங்கே போச்சு?

என் ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், ஈஸ்டருக்கு மறுநாள் டப்பாவுல இந்த முட்டையைக் கொண்டு வருவாங்க. "எங்க பாட்டி செய்யறது"ம்பாங்க. பாட்டி டைச் பேசினவங்க. அம்மாவுக்குக் கேட்டாப் புரியும், பேச வராது. "உங்களுக்கு?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சாப்பாட்டுப் பேரா அஞ்சாறு சொன்னாங்க. அவ்வளவுதான் மிச்சம்.

மூணு தலைமுறையில ஒரு பாஷை சாப்பாட்டுப் பட்டியலா சுருங்கினதுக்குப் பின்னாடி நீண்ட சரித்திரம் இருக்கு. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1732-ல் அமெரிக்காவோட முதல் ஜெர்மன் பத்திரிகையை நடத்திப் பார்த்தவர். அதே மனுஷன் 1751-ல் எழுதின கட்டுரையில, இந்த பாலடினேட்காரங்க கும்பல் கும்பலா வந்து நம்மளை ஜெர்மன்காரங்களா மாத்திடுவாங்கன்னு புலம்பினார். 1834-ல் மாநிலப் பள்ளிச் சட்டம் வந்தப்போ, ஆங்கிலப் பள்ளி நம்ம பாஷையைத் தின்னுடும்னு இவங்கள்ல பலர் எதிர்த்தாங்க. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போர்ல இறங்கினதும் ஜெர்மன்னு சொன்னாலே சந்தேகம். புளிச்ச முட்டைக்கோஸுக்குக் கூட 'சுதந்திர முட்டைக்கோஸ்'னு பேரை மாத்தினாங்க. பள்ளிக்கூடத்துல உச்சரிப்பைக் கேலி பண்ணி 'மக்கு டச்சு'ன்னு பட்டம். நம்ம பிள்ளையாவது இந்த அவமானம் படக்கூடாதுன்னு பெத்தவங்க வீட்டுல டைச் பேசறதை நிறுத்தினாங்க. ரெண்டாம் உலகப் போர் முடியறப்போ லூத்தரன், ரிஃபார்ம்ட் வீடுகள்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது கிட்டத்தட்ட நின்னே போச்சு.

முன்னாடி ரெண்டு வகைன்னு சொன்னேனே, அது இங்கே வருது. ஊரோட ஒட்டாம ஒதுங்கி வாழ்ந்த ஆமிஷ், பழைய மெனோனைட் ஜனங்க பாஷையை விடலை. இன்னிக்கு டைச் பேசற மூணு நாலு லட்சம் பேர்ல மிகப் பெரும்பாலானவங்க அவங்கதான். ஆமிஷ் ஜனத்தொகை சுமார் இருபது வருஷத்துக்கு ஒரு தரம் ரெட்டிப்பாகுது, கூடவே பாஷையும் வளருது. ஈஸ்டர் முயலையும் வண்ண முட்டையையும் அமெரிக்காவுக்கே குடுத்த பெரும்பான்மை ஜனங்களோட பேரப்பிள்ளைங்க கிட்டதான் பாஷை இல்லை. முட்டை ஜாடி மட்டும் ரெண்டு பக்கத்து வீடுகள்லயும் இருக்கு.

அந்த ஜாடியோட பேர்ல ஒரு சின்னத் தடயம் ஒளிஞ்சிருக்கு. மத்த அமெரிக்கர்கள் வெறுமனே 'பீட்'னுதான் சொல்வாங்க. இவங்க மட்டும் 'ரெட் பீட்'. ஜெர்மன்ல இந்தக் கிழங்குக்குப் பேரே 'ரோட்டெ ரூபெ', சிவப்புக் கிழங்கு. பாஷை போனப்புறமும் அந்தச் சிவப்பு ஆங்கிலத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்குது. பேசறவங்களுக்கே அது தெரியாது.

நமக்கு இது புதுசு இல்லை. மொரீஷியஸ்ல தமிழ் வம்சாவளி வீடுகள்ல பெரும்பாலும் பேச்சு க்ரியோல்தான். ஆனா விசேஷம்னா வாழையிலையில 'செத் காரி', ஏழு கறி. நம்ம ரசம் அங்கே 'ரசோன்'. இலையும் ரசமும் நின்னுச்சு, பேச்சு நிக்கலை.

ஏன்னு யோசிச்சா எனக்குத் தோணறது இதுதான். ஜாடி போட ஒரு ஆள் போதும், பாஷைக்கு ரெண்டு பேர் வேணும். ஜாடி யாரையும் அவமானப்படுத்தலை, அதைத் தின்னதுக்காக யாரும் பள்ளிக்கூடத்துல அடி வாங்கலை. தவிர, மிச்சத்தை வீணாக்காதேங்கிற அதோட காரணம் ஒவ்வொரு வருஷமும் புதுசா பிறந்துக்கிட்டே இருந்துச்சு. பாஷைக்கு வீட்டுக்குள்ள அப்படி ஒரு காரணம் இல்லாமப் போச்சு.

இதைச் சொல்றப்போ "சாப்பாடாவது மிஞ்சுதே"ன்னு ஆறுதல் அடையறதுல எனக்குச் சம்மதம் இல்லை. அந்த ஆபீஸ் அம்மா சொன்ன இன்னொண்ணு: பாட்டி கடைசிக் காலத்துல ஆங்கிலத்தை மறந்துட்டு டைச்சுலயே பேசினாங்களாம். சுத்தி உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளைங்க யாருக்கும் ஒரு வார்த்தை புரியலை. அவங்க கையால கத்துக்கிட்ட முட்டையை எல்லாருக்கும் செய்யத் தெரியும். அவங்க கடைசியா என்ன கேட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது.

இந்தப் பதிவைப் படிக்கிறவங்கள்ல வெளியூர், வெளிநாட்டுல பிள்ளை வளர்க்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்க கிட்ட சாம்பார், புளியோதரை தவிர வேற எந்தத் தமிழ்ச் சொல்லு தினம் புழங்குது? அதுக்கு வீட்டுல என்ன காரணம் உண்டாக்கி வச்சிருக்கீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்.

பி.கு: ஜாடியைத் திறக்கறப்போ வெள்ளைச் சட்டை போட்டுக்காதீங்க. சாப்பிட்ட மறுநாள் காலையில பாத்ரூம்ல சிவப்பா தெரிஞ்சா அலறவும் வேண்டாம், நூத்துல பத்துப் பதினாலு பேருக்கு பீட்ரூட் அந்த வேலையைப் பண்ணும் :-)